நந்தனார் எங்கே தங்கினார்?



சுவாமி சகஜானந்தரை நினைத்துக் கூடியிருக்கும் இந்த அரங்கில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி பார்ப்பதற்கு எளிமையானது. நந்தனார் தில்லைக்கு வந்தபோது எங்கே தங்கினார்? கோயிலுக்குள் போனாரா, எந்த வாயில் வழியாகப் போனார், தீயில் இறங்கினாரா இறக்கப்பட்டாரா என்பதெல்லாம் நூறாண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுகிறது. பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதர் இராத்திரி எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டவர்கள் குறைவு.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இனம், அடையாளம், 'இது என் இடம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றைப் பற்றி இன்று பல நாடுகளில் கலைஞர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கி வேலை செய்கிறார்கள். 'ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி' என்று அதற்குப் பெயர். சில வாரமோ சில மாதமோ தங்க ஓர் அறை, சாப்பாடு, வேலை செய்ய ஒரு கூடம். சுற்றியிருக்கும் மக்களோடு கலந்து ஒரு படைப்பு. நம் பிள்ளைகளும் இந்தச் சொல்லைக் கேள்விப்படத் தொடங்கிவிட்டார்கள். செம்மண்டலம் தொடங்கிச் சிதம்பரம் தாண்டிக் காட்டுமன்னார்கோயில் வரை நீளும் இந்த மண்ணில், கலைஞனுக்குத் தங்குமிடம் என்ற விஷயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சொல்லை மட்டும் கடன் வாங்குவதில் பயனில்லை.

சேக்கிழாரிடமிருந்து தொடங்குவோம். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய அவர், கொள்ளிடக் கரை ஆதனூரில் நந்தனார் பிறந்த சேரியை விரிவாகவே காட்டுகிறார். சுரைக்கொடி படர்ந்த கூரைகள், காயும் தோல்கள், ஓடித் திரியும் குஞ்சுகள், நாய்க்குட்டிகள், கையில் இரும்புக் காப்பு அணிந்த கறுத்த சிறுவர்கள், மாமரக் கிளையில் தொங்கும் பறை. அந்தப் பறை மரத்தில் தொங்குவதாகச் சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். வேலை முடிந்து வந்தவர் மாட்டி வைத்தது அது. சேரியில் இசை இருந்தது. அதற்கு ஓர் இடமும் இருந்தது.

நந்தனாரின் தொழிலையும் அதே புராணம் சொல்கிறது. சிவன் கோயில்களின் பேரிகை முதலான முழவுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பார். பூசைக்குக் கோரோசனை கொடுப்பார். அதாவது கோயிலுக்குள் கேட்கும் ஒலியில் பாதிக்கு மூலப்பொருள் கொடுத்தவர் அவர். தோல் உள்ளே போனது. தோல் கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே நின்று கூத்தாடினார், பாடினார். திருப்புன்கூரில் நந்தி விலகியதுகூட அவர் உள்ளே வருவதற்காக அல்ல, வெளியே நின்று பார்ப்பதற்காக. தில்லைக்கு வந்தவர் ஊர் எல்லைக்குள் கால் வைக்கத் தயங்கி, இரவும் பகலும் எல்லையைச் சுற்றியே வருகிறார். சுற்றிச் சுற்றிக் களைத்துத் தூங்குகிறார். நம் கேள்விக்குப் புராணம் தரும் விடை அவ்வளவுதான்: எல்லைக்கு வெளியே, தரையில். பிறகு கனவு, தென்திசை மதிலுக்கு வெளியே தீ, அதிலிருந்து பூணூலும் சடையுமாக எழும் வேறோர் உடம்பு. உள்ளே போனது அந்த உடம்பு. ஆதனூரில் பிறந்த உடம்புக்குத் தில்லையில் ஒரு திண்ணைகூடக் கிடைக்கவில்லை.

தமிழில் தோல் என்ற ஒரே சொல் மாட்டின் தோலுக்கும் மனிதத் தோலுக்கும் பொருந்துகிறது. இனம் பற்றிப் பேசும் உலகம் மனிதத் தோலின் நிறத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறது. நம் ஊரில் நிறம் பார்த்து ஒதுக்க முடியாது. ஒதுக்குகிறவரும் ஒதுக்கப்படுகிறவரும் அதே வெயிலில் கறுத்தவர்கள். அதனால் இங்கே தொட்ட தோலை வைத்து மனிதரை ஒதுக்கினார்கள். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. தோல் மத்தளமாகிவிட்டால் தீட்டுப் போய்விடும், தொட்டவருக்குப் போகாது. மத்தளம் எவ்வளவு தேவைப்பட்டதோ அவ்வளவு வேகமாக அதன் தீட்டு மறக்கப்பட்டது என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம்.

இது பழங்கதை இல்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020 தொடக்கத்தில் வந்தது. பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதைகளின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தலித் கிறித்தவக் கைவினைஞர்கள் இருந்ததை அந்நூல் பெயர் சொல்லி எழுதியது. வெளியீட்டு விழாவுக்கு முதலில் அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்திரா, பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது. தோல் வரலாம், தோல் பற்றிய பேச்சு வரக்கூடாது. விழா வேறோர் இடத்தில் நடந்தது. தோலுக்கு இன்னொரு இடம் எப்போதும் கிடைத்துவிடுகிறது!

நந்தனாரின் கதைக்கும் நடந்தது இதுதான். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் என்ற பண்ணையார் பாத்திரத்தை அவர்தான் கொண்டுவந்தார். அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. தஞ்சைப் பகுதியின் பண்ணை அடிமைமுறை அதனால் பாட்டுக்குள் வந்தது. சிதம்பரம் போக விடுப்புக் கேட்கும் கூலியாளும் விடாத முதலாளியும் மேடையேறினார்கள். நூலை அச்சிட உதவியவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்றும், இலக்கணப் பிழைகள்தாம் காரணம் என்றும் உ.வே.சா. வழியாக அறிகிறோம். ஆனால் பண்ணை வேலையை விடிவதற்குள் பூதகணங்கள் செய்துமுடிப்பதாகத்தான் கதை போகிறது. கூலி உயர்வு இல்லை, விடுதலை இல்லை. ஆண்டையின் மனம் மாறுகிறது.

அந்தக் கீர்த்தனை பின்னர் எங்கெல்லாம் போனது! கதாகாலட்சேப மேடை, சங்கீத சபை, நாடகக் கொட்டகை, கடைசியில் சினிமா. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் ஒரு லட்ச ரூபாய் வாங்கியது அந்தக் காலத்தின் பெரும் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942இல் ஜெமினியின் 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர். அதே தேசிகர் பிற்காலத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். இவர்களின் குரலை நாம் குறை சொல்லவில்லை. நம் வீடுகளிலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. ஆனால் நந்தனாராக நடித்தவர் சபையில் ஏறினார், பல்கலைக்கழகத்தில் ஏறினார். ஆதனூரிலிருந்து ஒருவர் அந்த மேடைக்கு வர வேண்டுமென்றால் எத்தனை படி ஏற வேண்டியிருந்தது?

இதற்கு எதிரான நினைவும் நம்மிடம் இருந்தது. பண்டிதர் அயோத்திதாசர் நந்தனை அடிமையாக அல்ல, வேஷப் பிராமணர்களின் சூழ்ச்சிக்குப் பலியான பௌத்த மன்னனாக எழுதினார். அதை ஆவண வரலாறாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று வகுப்பறையில் வாதிடலாம். அடிமை என்று சொல்லப்பட்ட ஒரு பெயரை அரியணையில் ஏற்றிப் பார்க்கும் துணிவு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். காந்தி 1927இல் சிதம்பரத்தில் பேசும்போது நந்தனாரை உண்மையான சத்தியாகிரகி என்று கொண்டாடினார். தன்னை வருத்தித் தடைகளைக் கடந்தவர் என்பது அவர் வாசிப்பு. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோக்காமேளர் மூவருக்கும் காணிக்கையாக்கினார். காந்திக்கு நந்தனார் ஒரு வழிமுறை. அம்பேத்கருக்கு ஒரு மூதாதை. இந்த வேறுபாட்டின் மேல் ஒரு முழு நாள் கருத்தரங்கு நடத்தலாம், இப்போது நேரமில்லை.

இவர்கள் எல்லோரும் நந்தனாரைப் பற்றிப் பேசினார்கள். அவர் பெயரில் தங்குவதற்கு ஓர் இடம் கட்டியவர் சகஜானந்தர்.

1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் முனுசாமியாகப் பிறந்தவர். திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தார். பெற்றோர் பிழைப்புக்காகக் கோலார் தங்கவயல் போனபோது அவரும் போனார். வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகிச் சகஜானந்தர் ஆனார். 1910இல் சிதம்பரம் வந்தார். ஓமக்குளம் பகுதியில்தான் நந்தனார் மடம் உருவானது. நந்தனார் தீயில் இறங்கியதாக ஊர் நம்பும் இடம் அது. எரித்த இடம் என்று சிலர் சொல்லும் அந்த இடத்திலேயே அவர் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்தார்! 1916இல் நந்தனார் கல்விக் கழகம். 25 மாணவர்களோடு பள்ளி. சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். 1926 முதல் 1959இல் மறையும் வரை, இடையில் சில ஆண்டுகள் போக, அவர் சட்டமன்றத்தில் இருந்தார். அங்கே எழுப்பிய பேச்சுகளில் பள்ளியும் விடுதியும் நிலமும் திரும்பத் திரும்ப வருகின்றன.

சகஜானந்தரின் ஆன்மிகத்தோடு நம்மில் பலருக்கு ஒட்டுவதில்லை. காவி, மடம், சிவபக்தி, காங்கிரஸ் எல்லாம் சேர்ந்து அவரைச் 'சமரசவாதி' என்று தள்ளிவைக்கும் பழக்கம் நம் இயக்கங்களில் உண்டு. ஆனால் விடுதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் பகலில் மட்டும் நம்முடையது; மாலை மணி அடித்ததும் பிள்ளை திரும்ப ஆண்டையின் களத்துக்குப் போக வேண்டும், மாட்டுக்குப் புல் பிடுங்க வேண்டும். இராத்திரியும் நம்முடையதாக இருந்தால்தான் படிப்பு நிற்கும். புராணத்தில் நந்தனாருக்குக் கிடைக்காதது அந்த இராத்திரிதான். அவர் பெயரால் நூறாண்டாகப் பிள்ளைகளுக்கு அது கிடைத்து வருகிறது. இன்று அரசு நந்தனார் பள்ளிகளாக இருப்பவற்றில் படித்துவிட்டு வந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். தங்கிப் படிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

விடுதி கிடைத்தது. கலை? இங்கேதான் நம் வட்டாரத்தின் வரலாறு சிக்கலாகிறது.

காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாளை இந்திய அளவில் தெரிந்தவர்கள், 1965இல் அமைந்து 1969இல் அறிக்கை தந்த தீண்டாமை குறித்த குழுவின் தலைவராகத் தெரிந்திருப்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அவரை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று நின்ற போராட்டங்களின் தலைவர் அவர். பறையைத் தொடமாட்டோம் என்பது இந்த மண்ணில் கலையை வெறுத்ததால் வந்தது இல்லை. ஊரார் வீட்டில் சாவு விழுந்தால் கேட்காமலே போய் நிற்க வேண்டும், கூலி என்று இல்லை, கொடுத்ததை வாங்க வேண்டும், மறுத்தால் அடி. அந்தக் கட்டாயத்தை உடைக்க, கருவியையே கீழே வைத்தார்கள். மாமரத்தில் தொங்கிய பறை மரத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

பிறகு 1990கள் வந்தன. அம்பேத்கர் நூற்றாண்டின் அலையில் தலித் கலைவிழாக்கள் தொடங்கின. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் ஆண்டுதோறும் விழா எடுத்துப் பறையை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தது. புதுச்சேரியில் கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுக'ளோடு தலித் அரங்குக்கு வழி திறந்தார். இழிவின் கருவி விடுதலையின் கருவியானது என்று எழுதினோம், பேசினோம். அப்போது நம் பகுதியில் சில முதியவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது: நாங்கள் அடிபட்டு இறக்கி வைத்ததை நீங்கள் ஏன் எடுத்துத் தோளில் மாட்டுகிறீர்கள்?

இந்தக் கேள்வியை அப்போது நம் இயக்கம் சரியாக எதிர்கொள்ளவில்லை என்பது எங்கள் மதிப்பீடு. 'பழமைவாதம்' என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரண்டு தலைமுறையும் கேட்டது ஒன்றையேதான்: எங்கே அடிப்பது, யாருக்காக அடிப்பது என்பதை நாமே முடிவு செய்யும் உரிமை. ஆனால் கருவியை மேடையில் ஏற்றிவிட்டால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. இன்று பறை வகுப்புகள் நகரங்களில் நடக்கின்றன. தகவல் தொழில்நுட்பக் கம்பெனிக்காரர்கள் வார இறுதியில் கற்கிறார்கள். 2025இல் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அதே நேரத்தில் கிராமத்தில் சாவுக்கு அடிக்கிறவர் இன்னும் பந்தலுக்கு வெளியேதான் உட்காருகிறார். விழா முடிந்ததும் லாரியில் ஏற்றி அனுப்பப்படும் கலைக்குழுக்களில் போயிருப்பவர்களுக்குத் தெரியும்: மேடை இருபது நிமிடம், சாப்பாடு பொட்டலத்தில், தூக்கம் பள்ளிக்கூட வராந்தாவில். நந்தனாருக்கு எல்லை மண். நமக்குச் சிமெண்டுத் தரை.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். அதே அரசரடிக் கல்லூரியில் ஆசிரியர், பாட்டுக் கட்டுகிறவர், 2005இல் மறைந்தார். அவர் வீட்டில் மாணவர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒரே உலையில் வேகும் சோற்றைப் பகிர்வதுதான் அவருடைய இறையியலின் மையம். ஒரே உலையில் சாப்பிடாதவர்கள் சேர்ந்து பாடினாலும் அது சேர்ந்து பாடியதாகாது என்பது அவர் வாழ்ந்து காட்டிய வாதம். ரெசிடென்சி என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே நம்மவர் வீட்டில் நடந்த ரெசிடென்சி அது.

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நீலம் பண்பாட்டு மையம் இசைக்கலைஞர்களை ஒன்றுசேர்த்தது. கானா பாடுகிறவரும் ராப் பாடுகிறவரும் சட்டி, டிரம்ஸ், கிடார்க்காரரும் கூடி ஒத்திகை பார்த்துத்தான் அந்த ஒலி வந்தது. பெயர் அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் ஒலியில் கறுப்பின மக்களின் இசையும் இருக்கிறது. அதில் வியப்பில்லை, நாம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்று நேற்றல்ல. சோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரிலிருந்து தலித் சிறுத்தைகள் ஆனார்கள்.

அந்த மக்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று நியூயார்க்கின் ஹார்லெமில் இருக்கிறது. 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில், ஸ்டுடியோ மியூசியம் திறக்கப்பட்டது. மதுக்கடை ஒன்றின் மேலே வாடகைக்கு எடுத்த மாடிதான் முதல் இடம். பெயரிலேயே ஸ்டுடியோ இருக்கிறது, ஏனென்றால் ஓவியங்களை மாட்டி வைப்பதோடு நில்லாமல் கறுப்பினக் கலைஞர்கள் அங்கேயே வேலை செய்ய இடம் தருவது தொடக்கத்திலிருந்தே அதன் திட்டம். அங்கே வேலை செய்துவிட்டுப் போனவர்களில் டேவிட் ஹாமன்ஸ், கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் போன்றவர்கள் பின்னர் உலகப் புகழ் பெற்றார்கள். பெரிய அருங்காட்சியகங்களின் கதவைத் தட்டுவதையும் அவர்கள் விடவில்லை. தங்கள் தெருவிலேயே ஒரு மாடியையும் பிடித்துக்கொண்டார்கள்.

நாமும் கதவைத் தட்டுவதை விட வேண்டியதில்லை. 2008 மார்ச்சில் சிவனடியார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாடியதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான போராட்டமும் வழக்கும் அரசாணையும் இருந்தன. தெற்கு வாயில் பற்றிய கோரிக்கையும் தொடரட்டும். அது ஒரு பக்கம். மறுபக்கம் நமக்கும் ஒரு மாடி வேண்டும்.

எங்கள் யோசனை பெரிதல்ல. சிதம்பரத்தில் சகஜானந்தர் உண்டாக்கிய இடம் இருக்கிறது. 2025இல் திறக்கப்பட்ட இளையபெருமாள் நூற்றாண்டு நினைவு அரங்கம் இருக்கிறது. மாவட்டம் முழுவதும் ஆதிதிராவிடர் நல விடுதிகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் அறைகள் பூட்டிக் கிடக்கும். அந்த மே மாதத்தில் ஐந்து கலைஞர்களுக்கு இரண்டு அறையும் ஒரு கூடமும் கேட்போம். ஒரு பறைக் கலைஞர், ஒரு கானாப் பாடகர், ஒரு ஓவியர், ஒரு கூத்துக் கலைஞர், ஓர் எழுத்தாளர். ஐந்தில் இரண்டு பேராவது பெண்கள். வந்தவுடன் பாதிச் சம்பளம் கையில்; முடிந்தபின் தருகிறோம் என்ற பேச்சு கூடாது. ஊருக்குப் போகாமல் தங்கிவிடும் மாணவர்களும் அவர்களும் ஒரே அடுப்பில் சாப்பிட வேண்டும். முடிவில் நிகழ்ச்சி நடத்தியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். நிகழ்ச்சிக்காகவே நம்மைக் கூப்பிட்டவர்கள் போதும்.

பறையடிக்க மறுத்த தலைமுறையில் உயிரோடு இருப்பவர்களை அந்த மாதத்தில் ஒரு வாரமாவது அங்கே வந்து உட்காரச் சொல்ல வேண்டும். அவர்கள் கருவியைத் தொட வேண்டியதில்லை. ஏன் கீழே வைத்தோம் என்று இளைஞர்களிடம் சொல்லட்டும். அதைப் பதிவு செய்வது எழுத்தாளரின் வேலை. சொன்னதைக் கேட்டுவிட்டு இளைஞர்கள் அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கட்டும்.

பறைக் கலைஞரைப் பற்றி ஒரு சொல். இப்போது செயற்கைத் தகடு போட்ட பறைகள் கடையில் கிடைக்கின்றன. நனைந்தாலும் தொய்யாது, தீயில் காய்ச்ச வேண்டாம். வசதிதான். ஆனால் வேம்புச் சட்டம் அறுத்து, கன்றுத்தோலைப் பதம் பார்த்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி இழுத்து ஒட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது கண்டுபிடித்து முதல் அறையை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவரை மேடையேற்ற வேண்டாம். கட்டில் போட்ட அறை, ஜன்னலோரம், மின்விசிறி ஓடுகிற அறை. விண்ணப்பத்தை நாங்கள் எழுதத் தொடங்கிவிட்டோம். கையெழுத்துப் போட விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள்.